சுவர் விரிந்தால், கிணறு வற்றினால்: பென்சில்வேனியாவில் சுரங்கச் சேதத்துக்கு அறிகுறிவாரியாகச் சட்ட வழி

பிட்ஸ்பர்க் பக்கம் வீடு வாங்கும் நம்மவர்கள் பள்ளிக்கூடம் எப்படி என்று பார்ப்பார்கள், பென் ஹில்ஸ் கோயிலுக்கு எவ்வளவு தூரம் என்று பார்ப்பார்கள், வாஸ்துகூடப் பார்ப்பார்கள். வீட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. மேற்கு பென்சில்வேனியாவில் நூற்றைம்பது வருடத்துக்கும் மேலாக நிலக்கரி தோண்டியிருக்கிறார்கள். கிரீன், வாஷிங்டன் கவுண்டிகளில் இன்றும் தோண்டுகிறார்கள். சுவர் விரிந்த பிறகு "யாரைக் கேட்பது?" என்று தேட ஆரம்பித்தால், பாதி நேரம் தவறான கதவைத் தட்டுவதிலேயே போய்விடும். அதற்குள் சட்டம் கொடுத்த கெடுவும் ஓடிவிடும்.

விரிசல் ஏன் வந்தது என்பதை நிபுணர்கள் பிறகு சண்டை போட்டு முடிவு செய்யட்டும். சேதத்தை என்றைக்குப் பார்த்தீர்கள், என்றைக்கு எழுத்தில் தெரிவித்தீர்கள் என்பதை மட்டும் உங்களுக்காக வேறு யாரும் செய்துதர முடியாது. கீழே உள்ள ஒவ்வொரு வழியும் அந்தத் தேதிகளில் போய்த்தான் நிற்கும்.

எல்லாவற்றுக்கும் முன்: கீழே தோண்டியது யார், எப்போது?

பென்சில்வேனியா மைன் மேப் அட்லஸ் என்ற இணையதளம் இருக்கிறது. உங்கள் முகவரியைக் கொடுத்தால் அடியில் எந்தச் சுரங்கம், அதன் வரைபடம் கிடைத்திருக்கிறதா என்று காட்டும். வரைபடம் இல்லை என்பதால் சுரங்கம் இல்லை என்று அர்த்தமில்லை. பழைய காலத்தில் பதிவே செய்யாமல் தோண்டியதும் நிறைய.

விடை மூன்றில் ஒன்றாக இருக்கும். ஒன்று, இப்போது ஓடுகிற அல்லது சமீபத்தில் ஓடிய பிட்டுமினஸ் என்கிற மென்வகை நிலக்கரிச் சுரங்கம். இதில் கம்பெனிக்குச் சட்டப்படி பொறுப்பு உண்டு. இரண்டு, எப்போதோ கைவிடப்பட்ட சுரங்கம். பொறுப்பேற்க ஆளில்லை, காப்பீடு இருந்தால்தான் பணம். மூன்று, ஸ்க்ரான்டன், வில்க்ஸ்-பாரி பக்கத்து ஆந்த்ரசைட் என்கிற கடினவகை நிலக்கரிப் பகுதி. கீழே நான் சொல்லும் பழுதுபார்ப்புச் சட்டம் பிட்டுமினஸ் சுரங்கங்களுக்கானது, அங்கே செல்லாது. அந்தப் பக்கத்தவர்கள் நேரே காப்பீட்டுப் பகுதிக்குப் போகலாம்.

உங்கள் வீட்டுப் பத்திரமான டீடையும் எடுத்து ஒருமுறை படித்துவிடுங்கள். இந்த மாநிலத்தில் நிலத்தின் மேற்பரப்பு ஒருவருக்கும், அடியில் உள்ள நிலக்கரி இன்னொருவருக்கும், மேற்பரப்பு இறங்காமல் அடியிலிருந்து தாங்கப்பட வேண்டும் என்கிற "தாங்கும் உரிமை" வேறொருவருக்கும் சொந்தமாக இருக்கலாம். டீடில் பெரிய எழுத்தில் ஒரு பத்தி இருக்கும்: இந்தப் பத்திரம் அடியில் உள்ள நிலக்கரியையும் தாங்கும் உரிமையையும் விற்பதாகாது, நிலக்கரிக்காரர் அதை முழுவதும் எடுத்துக்கொள்ளலாம், அதனால் மேலுள்ள வீட்டுக்குச் சேதம் வரலாம் என்கிற ரீதியில். வீடு கைமாறும் குளோசிங் நாளன்று முப்பது கையெழுத்துக்கு நடுவே இதற்கும் போட்டிருப்பீர்கள்.

இதைப் பார்த்துப் பயந்து விட்டுவிடுகிறவர்கள் உண்டு. 1922-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட ஒரு பழைய பத்திரத்தை வைத்து நிலக்கரிக் கம்பெனி பக்கம் தீர்ப்புச் சொன்னது உண்மைதான். 1878-ல் எழுதிய பத்திரம் அது. சேதம் வந்தால் கேட்கமாட்டேன் என்று வாங்கியவர் எழுதிக் கொடுத்திருந்தார். ஆனால் 1966-ல் மாநிலம் புதுச் சட்டம் போட்டது. அதை எதிர்த்துக் கம்பெனிகள் போன வழக்கில் 1987-ல் அதே உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் மாநிலத்தின் பக்கம் நின்றது. 1994-ல் வந்த ஆக்ட் 54 அந்தச் சட்டத்தை மாற்றி எழுதியது. வீட்டுக்கு அடியிலும் தோண்டிக்கொள், ஆனால் சேதமானால் சரிசெய் அல்லது பணம் கொடு என்பது அதன் சாரம். ஆகவே டீடில் அந்தப் பத்தி இருப்பதால் மட்டும் கதை முடிந்தது என்று நினைக்க வேண்டாம்.

அறிகுறி: செங்கல் சுவரில் படிக்கட்டு மாதிரி விரிசல், கதவு சிக்குகிறது

முதலில் இது சுரங்கம்தானா என்று பாருங்கள். பிட்ஸ்பர்க் மண்ணுக்கு வேறு சேட்டைகளும் உண்டு. மலைச்சரிவில் மண் வழுக்கும், கூரைத் தண்ணீர்க் குழாய் உடைந்து அஸ்திவாரத்தடியில் அரிக்கும், பேஸ்மென்ட் சுவர் வெளிமண்ணின் அழுத்தத்தால் உள்ளே தள்ளும். இவையெல்லாம் பொதுவாக வீட்டின் ஒரு மூலையில், மெதுவாக, வருடக்கணக்கில் நடக்கும். ட்ரைவால் மூட்டில் மயிரிழை மாதிரி ஒரு கோடு மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் மரச்சட்டம் உலர்ந்த கதை.

சுரங்க இறக்கம், அதாவது அடியில் தோண்டியதால் மேலே தரை இறங்குவது, பெரும்பாலும் வீட்டோடு நிற்காது. விரிசல் சுவரில் தொடங்கி ட்ரைவ்வே, புல்தரை, பக்கத்து வீட்டு வேலி என்று ஒரே திசையில் போகும். தெருவில் தார் பிளந்திருக்கும், இதுவரை தேங்காத இடத்தில் தண்ணீர் தேங்கும், வேலிக்கம்பங்கள் சாயும். லாங்வால் முறையில் தோண்டும் இடங்களில் இது வேகமாகவும் நடக்கும். ஆயிரம் அடிக்கும் கூடுதலான அகலத்தில் நிலக்கரியை மொத்தமாகச் சீவி எடுத்துக்கொண்டு எந்திரம் முன்னேறும்போது, பின்னால் கூரை இடிந்து விழும். மேலே தரை நாலைந்து அடிகூட இறங்கலாம். எந்திரம் வீட்டைக் கடந்த சில வாரங்களுக்குள் பெரும்பகுதி இறக்கம் முடிந்துவிடும்.

அன்றைக்கே செய்ய வேண்டியது: ஒவ்வொரு விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். ஒரு ஸ்கேலை ஒட்டினாற்போல் பிடித்துப் புகைப்படம் எடுங்கள். அடுத்த வாரம் விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தால் மறுபடி கோடு, மறுபடி தேதி, மறுபடி படம். பூச்சு வேலைக்காரரைக் கூப்பிட்டு அடைத்துவிடாதீர்கள். வீடு அலங்கோலமாக இருக்கிறதே, விருந்தினர் வருகிறார்களே என்று அடைத்து வண்ணம் பூசுவதில்தான் நம் ஆட்கள் சாட்சியத்தைத் தொலைக்கிறார்கள்.

அப்புறம் கடிதம். சுரங்கக் கம்பெனிக்கு, செர்டிஃபைட் மெயிலில், பெற்றுக்கொண்டதற்கான அட்டையோடு. நீளமாக வேண்டாம். "இந்த முகவரியில் உள்ள என் வீட்டில் இன்ன தேதியன்று இன்னின்ன சேதத்தைக் கண்டேன். உங்கள் நிலத்தடிச் சுரங்க வேலையால் வந்தது என்று நம்புகிறேன். பழுதுபார்ப்பு அல்லது இழப்பீடு கோருகிறேன்." இவ்வளவு போதும். கம்பெனி ஆள் நேரில் வந்து "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் சார்" என்று கைகுலுக்கினாலும் கடிதம் போயே ஆக வேண்டும். கைகுலுக்கலுக்குத் தேதி முத்திரை கிடையாது.

இங்கே இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. கடிதம் கொடுத்த நாளிலிருந்து ஆறு மாதம் வரை நீங்களும் கம்பெனியும் பேசித் தீர்க்கப் பார்க்கலாம். தீராவிட்டால் டிஇபி என்று எல்லோரும் சொல்லும் மாநிலச் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறையிடம் எழுத்துமூலம் கோரிக்கை வைக்கலாம். ஆனால் அந்தக் கோரிக்கையைச் சேதம் நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் வைத்துவிட வேண்டும். இந்த இரண்டு வருடம் கம்பெனி உங்களிடம் இனிமையாகப் பேசிக்கொண்டிருப்பதற்காக நிற்காது. பதினெட்டு மாதம் பொறுமையாக இருந்துவிட்டுப் பிறகு முதல் கடிதம் அனுப்பினால் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: ஆறு மாதம் முடியும்போது இரண்டு வருடமும் முடிந்திருக்கும்.

துறைக்குக் கோரிக்கை போனதும் 30 நாளுக்குள் விசாரிக்க வேண்டும், விசாரணைக்குப் பின் 60 நாளுக்குள் முடிவை எழுத்தில் சொல்ல வேண்டும். இந்த வேலையைப் பார்ப்பது கலிபோர்னியா மாவட்டச் சுரங்க அலுவலகம். பதறாதீர்கள், அது பென்சில்வேனியாவிலேயே உள்ள ஒரு சிற்றூரின் பெயர். முடிவு உங்கள் பக்கம் என்றால் ஆறு மாதத்துக்குள் பழுதுபார் அல்லது பணம் கொடு என்று கம்பெனிக்கு உத்தரவு போகும். தரை இன்னும் இறங்கும் என்று தோன்றினால் அந்த ஆறு மாதம் நீளலாம். அது எரிச்சலாக இருந்தாலும் நியாயம்தான். பக்கத்திலுள்ள அடுத்த நிலக்கரிப் பாளத்தைத் தோண்டும் முன் சுவரைக் கட்டிவிட்டால் இரண்டாம் முறையும் உடையும்.

கிடைக்கும் தொகை நியாயமான பழுதுபார்ப்புச் செலவு. பழுதுபார்க்கவே முடியாது என்றால் மாற்றிக் கட்டும் செலவு, அதற்கு மேல் போகாது. இடையில் வாடகை வீட்டுக்கோ ஹோட்டலுக்கோ போனால் அந்த நியாயமான செலவும் கேட்கலாம். ரசீதுகளை ஒரு உறையில் போட்டு வையுங்கள். வீட்டோடு நிலையாகச் சேர்ந்த கட்டுமானங்களும், பண்ணையில் தானியக் கொட்டில் போன்றவையும் கணக்கில் வரும். மன உளைச்சலுக்கோ வீட்டின் சந்தை மதிப்புக் குறைந்ததற்கோ இந்தச் சட்டத்தில் பணம் எதிர்பார்க்காதீர்கள். அதற்கு வேறு வழக்கு, வேறு வக்கீல்.

அறிகுறி: கிணற்றில் தண்ணீர் இல்லை, அல்லது நிறமும் வாடையும் மாறிவிட்டது

கிரீன் கவுண்டிக் கிராமப்புறத்தில் வீட்டுச் சுவரைவிடக் கிணறும் ஊற்றும்தான் முதலில் போகும். சுரங்கத்துக்கு மேலுள்ள பாறை விரிந்து தண்ணீர் கீழே இறங்கிவிடும். இதில் சட்டம் வீட்டுச் சேதத்தைவிட உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது. காரணம் ஒரு கோணம்.

தோண்டிய பகுதியின் ஓரத்திலிருந்து, செங்குத்துக்கு 35 பாகை சாய்வில் மேல்நோக்கி ஒரு கோடு இழுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோடு தரையைத் தொடும் இடம்வரைக்கும் உள்ள பரப்பில் உங்கள் கிணறு இருந்தால், சுரங்கம்தான் கெடுத்தது என்று சட்டம் முதலில் வைத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியது கம்பெனியின் பாடு. சுரங்கம் 600 அடி ஆழம் என்றால் தோண்டிய ஓரத்திலிருந்து சுமார் 420 அடி தள்ளியுள்ள கிணறுவரை இந்த அனுமானம் பொருந்தும். வீட்டுச் சுவர்களுக்கு இப்படி ஓர் அனுமானம் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இந்தப் பரப்புக்குள் இருந்து, கைவசம் வேறு தண்ணீரும் இல்லை என்றால், நீங்கள் தெரிவித்த 24 மணி நேரத்துக்குள் கம்பெனி தற்காலிகத் தண்ணீர் ஏற்பாடு செய்ய வேண்டும். பெரும்பாலும் முற்றத்தில் ஒரு பெரிய தொட்டியும் அதை நிரப்ப லாரியும் வரும். வராவிட்டால் துறையைக் கூப்பிடுங்கள், அவர்கள் உத்தரவு போடுவார்கள். நிரந்தரத் தீர்வு வரவில்லை என்றாலும் துறையிடம் விசாரணை கேட்கலாம். 10 நாளுக்குள் விசாரணை தொடங்கி 45 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். கோரிக்கை வைக்க இங்கேயும் கெடு, தண்ணீர் கெட்டதிலிருந்து இரண்டு வருடம்தான்.

நிரந்தரத் தீர்வு என்று கொடுப்பது நீங்கள் முன்பு பயன்படுத்திய அளவுக்குப் போதுமானதாக இருக்க வேண்டும். நாற்பது மாடு வைத்திருந்தவருக்கு நாலு பேர் குளிக்கும் அளவுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுச் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. மூன்று வருடமாகியும் தண்ணீர் திரும்பவில்லை என்றால், சொத்தையே கம்பெனி வாங்கிக்கொள்வது உள்ளிட்ட வழிகள் சட்டத்தில் உண்டு. அந்தக் கட்டத்துக்கு வந்துவிட்டால் வக்கீல் இல்லாமல் பேசாதீர்கள்.

அறிகுறி: "சர்வே எடுக்க வருகிறோம்" என்று கடிதம்

இது சேதமே இல்லை, ஆனால் சேதத்தைவிட முக்கியம். தோண்டுவதற்கு முன் கம்பெனி உங்கள் வீட்டையும் கிணற்றையும் பார்வையிட்டுப் பதிவு செய்ய வரும். முன்பின் தெரியாதவர்களை வீட்டுக்குள் விட மனமில்லாமல் மறுப்பது இயல்பு. மறுக்காதீர்கள். அனுமதி மறுத்த பிறகு கம்பெனி செர்டிஃபைட் மெயிலில் முறைப்படி அறிவிப்பு அனுப்பி, பத்து நாளில் நீங்கள் வழிவிடாவிட்டால், பின்னால் வரும் வீட்டுச் சேதத்துக்கு அவர்கள் பொறுப்பில்லை என்று ஆகிவிடலாம். கிணற்றுக்கும் மேலே சொன்ன சாதகமான அனுமானம் போய்விடும்.

உள்ளே விடுங்கள், கூடவே நடங்கள். அவர்கள் படம் எடுக்கும் ஒவ்வொன்றையும் நீங்களும் எடுங்கள், முக்கியமாக விரிசல் இல்லாத சுவர்களை. கிணற்றுத் தண்ணீரை நீங்களே ஒரு சான்று பெற்ற ஆய்வகத்தில் சோதித்து வையுங்கள். சர்வே அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

இதே ஆட்கள் ஓர் ஒப்பந்தத்தையும் நீட்டலாம். இப்போதே ஒரு தொகை, அஸ்திவாரத்தைச் சுற்றிப் பள்ளம் வெட்டி வீட்டுக்கு இரும்புக் கயிறு கட்டும் பாதுகாப்பு வேலை, பதிலுக்குப் பிற்காலக் கோரிக்கைகளை விட்டுக்கொடுப்பது. சட்டம் இதை அனுமதிக்கிறது. சிலருக்கு இது நல்ல பேரமாகவும் இருக்கும். ஆனால் படிக்காமல் கையெழுத்துப் போடக்கூடாத தாள் இந்த விவகாரத்திலேயே இதுதான். வக்கீலுக்கு ஒரு மணி நேரக் கட்டணம் கொடுக்க ஒரே ஒரு இடம்தான் என்றால், அதை இங்கே கொடுங்கள்.

அறிகுறி: தோட்டத்தில் திடீர்க் குழி

எட்டிப் பார்க்காதீர்கள், கல்லைப் போட்டு ஆழம் பார்க்காதீர்கள். குழந்தைகளையும் நாயையும் உள்ளே கூப்பிட்டுக்கொண்டு 911-ஐ அழையுங்கள். 2024 டிசம்பரில் வெஸ்ட்மோர்லாண்ட் கவுண்டியின் யூனிட்டி டவுன்ஷிப்பில், பழைய சுரங்கத்துக்கு மேல் திறந்த குழியில் ஒரு பெண்மணி விழுந்து இறந்தார். மேலே தெரியும் வாய் சிறிதாக இருக்கும், அடியில் அகலமாக இருக்கும், விளிம்பு தாங்காது. எரிவாயு வாடை வந்தாலும் இதேதான். விளக்கைப் போடாமல் வெளியேறிவிட்டு, வெளியிலிருந்து கூப்பிடுங்கள்.

கைவிடப்பட்ட சுரங்கம் என்றால் மாநிலத்தின் கைவிடப்பட்ட சுரங்கச் சீரமைப்புப் பிரிவு வந்து குழியை மூடும். 1977-ன் கூட்டாட்சிச் சட்டத்தில் உருவான நிதி இதற்குத்தான். ஆனால் அவர்கள் ஆபத்தைத்தான் நீக்குவார்கள். உங்கள் வராந்தா பிளந்ததற்குப் பணம் தரமாட்டார்கள்.

அறிகுறி: எல்லாம் சரி, ஆனால் சுரங்கம் எப்போதோ மூடியது, கம்பெனியே இல்லை

வீட்டுக் காப்பீட்டு ஏஜென்ட்டுக்குப் போன் போட்டால் மறுப்புதான் வரும். சாதாரண வீட்டுப் பாலிசியில் தரை அசைவு சேராது. இதற்காகவே மாநிலம் 1961 முதல் தனியாகச் சுரங்க இறக்கக் காப்பீடு நடத்துகிறது. டிஇபிதான் நடத்துகிறது, இணையத்திலேயே எடுக்கலாம், பிரீமியம் வீட்டுக் காப்பீட்டோடு ஒப்பிட்டால் சொற்பம். மாநிலத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் பழைய சுரங்கங்களின் மேல் இருப்பதாகத் துறையே சொல்கிறது.

பாலிசி இருந்தால் உடனே கோரிக்கை வையுங்கள், அவர்களே ஆய்வாளரை அனுப்புவார்கள். இது கட்டடத்துக்கான காப்பீடு, காலி நிலத்துக்கு அல்ல. பாலிசி இல்லாமல் விரிசல் வந்துவிட்டால் இந்தச் சேதத்துக்கு இனி எடுத்துப் பயனில்லை, ஏற்கெனவே இருக்கும் சேதம் சேராது. அப்போது மிச்சம் இருப்பது, வீட்டை விற்றவர் தெரிந்தே மறைத்தாரா என்ற கேள்வி. விற்பவர் தெரிந்த குறைகளை எழுத்தில் சொல்ல வேண்டும் என்று இம்மாநிலச் சட்டம் இருக்கிறது. நீங்கள் வாங்கியபோது புதிதாகப் பூசியிருந்த சுவர் இப்போது பழைய கோட்டிலேயே பிளந்தால், வக்கீலிடம் அதைச் சொல்லுங்கள்.

அறிகுறி: "உங்கள் வீடு பட்டியலில் வராது"

ஆக்ட் 54 பாதுகாக்கும் கட்டடங்களில் உங்கள் வீடு சேராது என்று கம்பெனி சொல்லலாம். குடியிருப்பு வீடு என்றால் அது எப்போது கட்டியது என்பது முக்கியம். ஆக்ட் 54 நடைமுறைக்கு வந்த 1994-ல் இருந்திருக்க வேண்டும், அல்லது அந்தச் சுரங்கத்தின் அனுமதி விண்ணப்பமோ ஐந்தாண்டுப் புதுப்பிப்போ முதலில் பத்திரிகையில் வெளியான தேதியில் இருந்திருக்க வேண்டும். கம்பெனி முதல் விண்ணப்பத் தேதியை மட்டும் காட்டி மறுத்தால், புதுப்பிப்புத் தேதியைக் கேளுங்கள். பல வீடுகள் இந்த இரண்டாவது வாசல் வழியாக உள்ளே வந்துவிடும்.

அறிகுறி: துறையே "சுரங்கம் காரணமில்லை" என்று எழுதிவிட்டது

அந்தக் கடிதம் கைக்கு வந்த நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். சுற்றுச்சூழல் விசாரணை வாரியத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான். துறைக்கு மறுபடி ஒரு கோபக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தால் அந்த 30 நாள் கரைந்துவிடும். வாரியத்தில் தனிமனிதர் வக்கீல் இல்லாமலும் வாதிடலாம், ஆனால் எதிர்ப்பக்கம் புவியியல் நிபுணரோடு வருவார்கள். உங்கள் பக்கமும் சுரங்க இறக்கம் தெரிந்த ஒரு பொறியாளர் அறிக்கை இல்லாமல் போவது வீண். துறையின் வக்கீல் துறைக்காக வாதிடுபவர், உங்களுக்காக அல்ல. நீங்கள் ஜெயித்து கம்பெனி மேல்முறையீடு செய்தாலும் இதே வாரியம்தான்.

காலம் பிடிக்கும். கிரீன் கவுண்டியில் ரையர்சன் ஸ்டேஷன் மாநிலப் பூங்காவின் அணை 2005-ல் விரிந்து, டியூக் ஏரியையே வடித்துவிட்டார்கள். சுரங்கக் கம்பெனியோடு மாநில அரசே வழக்காடியும் 3.6 கோடி டாலருக்குச் சமரசம் வந்தது 2013-ல். தரை இன்னும் அசைகிறது என்பதால் அணையைத் திரும்பக் கட்டவில்லை.

வக்கீலைத் தேடும்போது

வீடு வாங்கும்போது பத்திரம் பார்த்துக் கொடுத்த வக்கீல் இதற்குச் சரிவரமாட்டார். "ஆக்ட் 54 கோரிக்கை எத்தனை எடுத்திருக்கிறீர்கள், விசாரணை வாரியத்தில் வாதாடியிருக்கிறீர்களா, இந்தக் கம்பெனிக்காக எப்போதாவது வேலை பார்த்தீர்களா" என்ற மூன்றையும் போனிலேயே கேளுங்கள். சின்ன கவுண்டிகளில் மூன்றாவது கேள்விக்கு ஆம் என்ற பதில் அடிக்கடி வரும். கட்டணம் மணிக்கணக்கா, கிடைத்த தொகையில் பங்கா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். பங்கு என்றால் பொறியாளர் செலவு யார் தலையில் என்று தனியாகக் கேட்க வேண்டும். வசதி குறைந்தவர்களுக்கு வருமானத்துக்கேற்பக் கட்டணம் வாங்கும் ஃபேர் ஷேக் போன்ற அமைப்புகள் உண்டு. வாஷிங்டன் ஊரிலுள்ள சென்டர் ஃபார் கோல்ஃபீல்ட் ஜஸ்டிஸ் வழக்கு நடத்தித் தராவிட்டாலும் யாரைப் பார்ப்பது என்று சொல்லும்.

முதல் சந்திப்புக்கு டீட், சர்வே நகல், செர்டிஃபைட் மெயில் அட்டைகள், தேதி போட்ட படங்கள், தண்ணீர்ச் சோதனை அறிக்கை எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். கம்பெனி ஆட்களோடு போனில் பேசியதையும் அன்றன்றே ஒரு நோட்டில் எழுதி, அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள்.